கொசுறு அவரை

என் மனைவி கடைசியாக எடுத்து வைத்த அவரை விதையின் விலை ஐந்து ரூபாய். மருந்துக்கடைக் கவர் மேல் அவளே பேனாவால் எழுதியிருந்தாள். தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. எதைக் கையில் எடுத்தாலும் விலை எழுதிவிடுவாள் காந்தா. உள்ளே ஏழு விதை. அவள் போய் மூன்று மாதம். அவள் கை பட்டதில் இனி முளைக்கக்கூடியது இது ஒன்றுதான்.

ஊரப்பாக்கத்தில் மகனுடைய ஃப்ளாட்டில் இருக்கிறேன். மழை விடவில்லை, பால்கனி முழுக்கச் சாரல். வீட்டுக்குள் ஜன்னலோரம் முளைக்கவைத்துப் பிறகு தொட்டிக்கு மாற்றலாம் என்று, ரோட்டோரம் நர்சரி வைத்திருக்கும் பொன்னியம்மாளிடம் போனேன். துக்கம் என்று சொல்ல முடியாது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது.

கவரைப் பிரித்துக் காட்டினேன்.

“நாட்டு அவரை. என்னாண்டயும் இதே கீது. எத்தினி வருசத்து வெதை?”

“தெரியாது.”

“பழசு மாதிரி கீது. போட்டுப் பாருண்ணா.”

குழித்தட்டு ஒன்று, தென்னைநார்த்தூள் கட்டி ஒன்று, மண்புழு உரம் ஒரு கிலோ, தண்ணீர் தெளிக்கிற பாட்டில். இருநூற்று எழுபது என்றாள். நூற்றெண்பது என்றேன்.

“இன்னாண்ணா, தேங்கா நாருக்குப் போய் நகைக்கடை பேரம் பேசிகினு கீற?”

“நகைக்கடைல ஏசி போட்டிருப்பான். இங்க கொசுதானே கடிக்குது.”

இருநூற்றிருபதுக்குப் படிந்தது. பணத்தைக் கொடுத்ததும் வாய் தானாக, “கொசுறு?” என்றது. கையும் தானாக நீண்டது. நாற்பது வருஷப் பழக்கம். நீட்டிய கையில் இருந்தது காந்தாவின் கவர்.

பொன்னியம்மாள் டப்பாவிலிருந்து ஐந்து அவரை எடுத்து அதிலேயே போட்டாள். “போதுமா?”

போதும் என்றேன். ஷேர் ஆட்டோவில் வந்து, கட்டியை ஊறவைத்து, உரம் கலந்து, குழிகளை நிரப்பினேன். உள்ளங்கையில் கொட்டியபோதுதான் உறைத்தது. பன்னிரண்டு.

தட்டிப் பார்த்தே எவர்சில்வரின் தரம் சொன்னவன் நான். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தேன். எல்லாம் ஒரே கறுப்பு, ஓரத்தில் ஒரே வெள்ளைக் கோடு.

பன்னிரண்டையும் ஊன்றினேன். ஆறாம் நாள் இரண்டு தலை நீட்டின. எட்டாம் நாள் இன்னும் மூன்று. அப்புறம் பத்து நாள் தண்ணீர் தெளித்ததுதான் மிச்சம்.

கவரின் பின்பக்கம் எழுதினேன்:

காந்தா ஏழு. கொசுறு ஐந்து. ஆக, பன்னிரண்டு. முளைத்தது ஐந்து. யார் பேரில் வரவு என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.