இடப்பக்கம் கஞ்சி வழிந்த பலகை

2016ஆம் ஆண்டு மாசி மாதம் நெடுவாய்க்கரையில், பதினொரு நாளுக்கு முன் அறுத்த பதினெட்டுப் பலகைகளுக்கு ஒரே பகலில் ஐம்பது வயது ஆனது. திருத்துறைப்பூண்டி மர வாடிக்காரர் நகத்தால் கீறியும் முகர்ந்தும் பார்த்துச் சொன்ன வயது அது. இரண்டு மூன்று வருஷம் முன்பின் இருக்கலாம் என்றும் அவரே சொன்னார். அன்று வெயில் மிதமாக இருந்தது. மழை இல்லை.

பலகைகள் அம்சத்துடையவை. வாய்க்கால் கரைமேல் குடிசை போட்டிருந்த பத்தொன்பது குடும்பங்களில் அவள் ஒருத்தி. மர வாடியில் மரத்தூள் அள்ளிக்கொண்டிருந்தவளை வேறு வேலைக்கு இழுத்தவர், அதே திருத்துறைப்பூண்டியில் டைல்ஸ் கடை வைத்திருந்த லியாகத் அலி. அவருடைய தங்கை மகள் மெஹராஜ் பேகம் சென்னையில் ஓட்டல்களுக்காகச் சாப்பாட்டைப் படம் எடுப்பவள். தட்டுக்கு அடியில் போடப் பழைய பலகை வேண்டும், பழைய கதவு வாங்கி அறுத்தால் கட்டுப்படியாகாது, புதுமரத்தைப் பழசாக்கித் தர ஊரில் யாராவது உண்டா என்று அவள் கேட்டிருந்தாள். டைல்ஸ் வந்த பெட்டிகளின் மரம் லியாகத் அலி கடைக்குப் பின்னால் சும்மா கிடந்தது. அம்சம் அதைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து நார் தெரிய வைத்தாள். விளிம்புகளைச் சைக்கிள் செயினால் அடித்தாள். டீக்கடைச் சக்கையைக் காய்ச்சி இரண்டு பூச்சுப் பூசினாள். அறுவடை மெஷின் வந்த பிறகு வீட்டுக்கு வீடு கூரையில் செருகித் துருப்பிடித்துக் கிடந்த கதிரரிவாள்களை வாங்கி, புளித்த நீராகாரத்தில் ஏழு நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை டீச்சாயத்தின் மேல் தடவினாள். மரம் கண்ணெதிரே கறுத்தது. இதில் அதிசயம் இல்லை. துருவும் துவர்ப்பும் சேர்ந்தால் கறுக்கும்.

வழக்கமாக நெல் கொள்முதல் நிலையத்தின் சிமெண்டுத் தளத்தில்தான் பலகைகளைக் காய வைப்பாள். அந்த மாசியில் தளம் முழுக்க நெல் குவிந்து கிடந்தது. அதனால் பக்கத்திலிருந்த வெற்று மண்ணில், ஏறக்குறைய ஒரு ஏக்கர் வரும் மூன்று மா இடத்தில், இருபத்துநான்கு பலகைகளைப் பரப்பிவிட்டுப் போனாள். மாலையில் வந்து எடுத்தபோது ஆறு பலகைகள் போட்டபடியே இருந்தன. மற்ற பதினெட்டிலும் அடிப்பக்கம் குழிந்து, வழுவழுத்து, எண்ணெய் இறங்கிய நிறத்தில் இருந்தது. ஒவ்வொன்றிலும் பானை வைத்த கரிவட்டம் ஒன்று. அதிலிருந்து வலப்பக்கமாக ஓடிய வெளிறிய தடம் ஒன்று. சோற்றுப் பானையை மூடியோடு பலகைமேல் சாய்த்து வருஷக்கணக்கில் கஞ்சி வடித்தால்தான் அந்தத் தடம் விழும்.

லியாகத் அலி ஒரு பலகையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத எங்கேம்மா புடிச்சே?”

“புடிக்கல பாய். நீங்க குடுத்த பொட்டி மரந்தான்.”

“எங் கடை மரத்துக்கு என்னவிட வயசு கூடவா? கண்ணாடி போட்டுத்தான் இருக்கேன், அம்சம்.”

“நானும் மூணு தரம் கழுவிப் பாத்துட்டேன். போவ மாட்டேங்குது.”

சென்னையில் அந்தப் பலகைகள்மேல் வைத்துப் படமெடுத்த சோறு, ஆறிப்போயிருந்தாலும் படத்தில் சுடச்சுடத் தெரிந்தது. இன்னும் வேண்டும் என்று மெஹராஜ் பேகம் எழுதினாள். அம்சம் பலகைகளுக்குச் சாக்பீஸால் எண் போட்டு, ஒரு மாதம் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். பலகை இப்படிப் பழசாகிப் பழுக்கிற இடங்கள் பதினெட்டே. அவை இரண்டு வரிசையாக இருந்தன. நடுவில், வண்டி போகிற அகலத்துக்கு, எந்தப் பலகையும் பழுக்கவில்லை. கரைக்குடியிலேயே மூத்தவளான ராமாயி வந்து அந்த நடுப்பகுதியில் நின்றாள். முதல் பலகையின் பக்கம் திரும்பி ஒரு பெயரைச் சொன்னாள், அடுத்ததற்கு அடுத்த பெயர். அப்படியே பதினெட்டுப் பெயரையும் சொல்லி முடித்தாள். அது அவர்களுடைய பழைய தெரு.

1970ஆம் ஆண்டு தை அறுவடையில் கூலி கேட்டு நின்றதற்காகப் பண்ணை ஆட்கள் அந்தத் தெருவின் குடிசைகளை ஒரே காலையில் பிரித்துப் போட்டார்கள். ஜனங்கள் வாய்க்கால் கரைக்கு ஏறினார்கள். மூன்று மாதம் கழித்துக் கரையில் அம்சம் பிறந்தாள். அவளுக்கு இரண்டு வயதாகும்போது தாய் தங்கம்மாள் இறந்துபோனாள். படம் கிடையாது. முகமும் அம்சத்துக்கு நினைவில்லை. பிறகு ஆட்சிகள் மாறி மாறி வந்தன. சைக்கிள் வந்தது, தொலைக்காட்சி வந்தது, மிக்சி வந்தது, மனைப்பட்டா வரவில்லை. அந்த மூன்று மா என்றைக்கும் பண்ணையின் நெற்களமாகவே இருந்தது, மனிதர் குடியிருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று தாலுகா ஆபீஸ் கோப்பு சொன்னது.

பத்தொன்பது குடும்பத்துக்குப் பதினெட்டு இடமே கிடைத்ததில், இடம் கிடைக்காதது தங்கம்மாள் குடிசைக்குத்தான். அந்த மூன்று மாவின் வடக்கு மூலையில் பண்ணையின் வைக்கோல் போர் நின்றது. அம்சம் இதை யாரிடமும் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் போரைச் சுற்றி வந்து பார்ப்பாள்.

2017இல் வாய்க்காலை அகலப்படுத்த உத்தரவு வந்தது. ஆடிக்குள் கரையைக் காலி செய்ய வேண்டும். பழைய தெரு என்று நிரூபித்தால் மூன்று மாவில் மனை; இல்லாவிட்டால் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, தண்ணீர் உப்புக் கரிக்கும் ஒரு பொட்டல். அம்சம் இடத்துக்கு ஒன்றாகப் பழுத்த பதினெட்டுப் பலகைகளைச் சாக்கில் கட்டி ஜமாபந்திக்குக் கொண்டுபோய்த் தாசில்தாரின் மேசைமேல் அடுக்கினாள். பண்ணைக் காரியஸ்தர் இளையபெருமாள் அங்கே இருந்தார். அறுபத்தெட்டு வயது, வெள்ளைச் சட்டை, சிரித்த முகம்.

“புதுசுக்குச் சாயம் பூசிப் பழசுன்னு விக்கிறதுதாங்கம்மா இவ தொழிலே. அந்தச் சாயத்தையே கொண்டாந்து சாட்சிங்கிறா பாருங்க” என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தொழிலைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. தாசில்தார் அதிகம் பேசாத பெண்மணி. தன் டிரைவரை அனுப்பி, வேறொரு வாடியிலிருந்து அன்று காலை அறுத்த வேப்பம் பலகை ஒன்றை வாங்கிவரச் சொன்னார். அதன் ஒரு பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். சாயம் கிடையாது, துருத்தண்ணி கிடையாது என்றார். அப்படி எதுவும் பூசாமல் அம்சம் ஒரு பலகையையும் வைத்துப் பார்த்ததில்லை. பழுக்க வைப்பது மண்ணா, துருவா என்று அவளுக்குத் தெரியாது. மூன்று மாவுக்கு ஜீப்பில் போகும்போது அவள் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“இடத்தை நீங்களே சொல்லுங்க” என்றார் தாசில்தார் இளையபெருமாளிடம்.

அந்த வருஷ வறட்சியில் வைக்கோலெல்லாம் மாட்டுக்குப் போய், போர் இருந்த இடம் மொட்டையாகக் கிடந்தது. இளையபெருமாள் அதைக் காட்டினார். “நாப்பத்தேழு வருசமா எங்க போர் நின்ன எடம். இங்க வைங்க, பாப்பம்.”

கையெழுத்து மேலே தெரியப் பலகையை வைத்தார்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். பலகையின் மேல்பக்கம் வெள்ளையாகவே இருந்தது, மையும் அழியவில்லை. “வெயில்தாம்மா வீணாப் போச்சு” என்று இளையபெருமாள் குடையை விரித்தார். கரைக்குடிப் பெண்கள் ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள். தாசில்தார் குனிந்து பலகையை எடுத்தார், எடுத்தவர் உடனே கீழே போட்டார். அது சுட்டது. அடுப்பிலிருந்து பானையை அப்போதுதான் இறக்கி வைத்ததுபோலச் சுட்டது. அடிப்பக்கம் மேலாகக் கவிழ்ந்து கிடந்தது: குழிந்து, கறுத்து, நடுவில் கரிவட்டம். கஞ்சித் தடம் மட்டும் மற்றப் பலகைகளைப் போல வலப்பக்கம் ஓடவில்லை. இடப்பக்கம் ஓடியது.

இளையபெருமாள் குடையைத் தாழ்த்தினார். “இது பீச்சாங்கைத் தங்கம்மா வூடுல்ல” என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. குடிசை பிரிக்க வந்தவர்களில் அவரும் ஒருவர், அப்போது வயது இருபத்தொன்று. தங்கம்மாள் அன்று பாதி வடித்த பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள் என்று, யாரும் கேட்காமலேயே தொடர்ந்து சொன்னார். தாசில்தார் பலகையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. பலகையை எழுதக் கோப்பில் இடம் கிடையாது. எதிர்த்தரப்பின் வாக்குமூலத்துக்கு இடம் உண்டு. அதை எழுதி, படித்துக் காட்டி, இளையபெருமாளிடம் கையெழுத்து வாங்கினார்.

அம்சம் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் இடது கையால் கஞ்சி வடிக்கும்போதெல்லாம், “பானைய அந்தண்ட சாய்க்கிறா பாரு, கஞ்சி அடுத்த ஊருக்குப் போவப்போவுது” என்று கரையில் சிரிப்பார்கள். அந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று ராமாயிகூட அதுவரை சொல்ல நினைத்ததில்லை. “ஒனக்குத் தெரியும்னு இருந்துட்டேண்டி” என்றாள் ராமாயி.

ஆடி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது பட்டா வந்தது. பத்தொன்பது வீடுகளும் இரண்டு வரிசையாக எழும்பின. அதன் பிறகு அந்த மூன்று மாவில் எங்கே வைத்தாலும் பலகை வெறுமனே காய்கிறது. சிமெண்டு போட்டுவிட்டதுதான் காரணம் என்று லியாகத் அலி சொல்கிறார். மறுபடி உலை கொதிக்கத் தொடங்கியதால் மண்ணுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று ராமாயி சொல்கிறாள். இரண்டில் எது சரி என்று தெரியவில்லை. வாய்க்காலின் வெட்டாத கரையில், அவர்கள் குடியிருந்த இடத்தில் வைத்தால் இப்போதும் சரியாக நாற்பத்தேழு வருஷம் ஏறுகிறது. மெஹராஜ் பேகத்துக்கு அங்கிருந்துதான் போகிறது.

தாசில்தார் கையெழுத்திட்ட பலகை மட்டும் விற்பனைக்கு இல்லை. அம்சம் கையெழுத்தைத் தரைப்பக்கமாகப் போட்டு, தினமும் அதன்மேல்தான் கஞ்சி வடிக்கிறாள். பழைய தடத்தின் மேலேயே புதிதும் விழுவதால், எது யாருடையது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.