புகழஞ்சலி: நம்பிராஜன்

என் மனைவி உமா மகேஸ்வரியின் பணிநிறைவு விழா அழைப்பிதழில் அவளைக் கொன்றவன் நான்தான். போன மாதம் ஒருவரின் படத்திறப்புக்குத் தயாரித்த அழைப்பிதழைக் கணினியில் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, 'இரங்கலுரை'களை எல்லாம் 'வாழ்த்துரை' ஆக்கினேன். கடைசி வரியில் என் பெயர் ஏற்கெனவே இருந்ததால் அங்கே கண் போகவில்லை. 'புகழஞ்சலி: நம்பிராஜன்' என்று முந்நூறு பிரதி அச்சாகி, வாட்ஸப்பிலும் போய்விட்டது.

கடையத்திலிருந்து என் சித்தப்பா மகன் பேச்சிராஜ் போனில் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, மதினி எப்பம் தவறினாவ? நேத்துதான பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்?"

"ஏலே, அடுக்களையில சட்னி அரைச்சிட்டு இருக்கா."

"அப்பம் நீங்க எதுக்கு அஞ்சலி செலுத்துதிய?"

தென்காசி வட்டாரத்தில் மேடைக்கு ஆள் வேண்டுமென்றால் முப்பது வருடமாக என்னைத்தான் கூப்பிடுவார்கள். வரவேற்புரைக்கு ஒரு குரல், பாராட்டுரைக்கு ஒரு குரல், மைக்செட்காரர் வயரைச் சுருட்டுவதற்குள் முடிக்க நன்றியுரைக்கு ஒரு குரல். உமாவோ இலத்தூரில் முப்பத்துநான்கு வருடம் பாடம் நடத்தியவள். அவளைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. கிடைத்த ஒரே வாய்ப்பிலும் இந்தக் கூத்து. இனி என்னைப் பேச விடுவாளா?

"கோவமா?"

"அதெல்லாம் இல்ல."

"பேசட்டுமா, வேண்டாமா?"

"ஒங்க இஷ்டம்."

இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன முடிவுக்கு வருவது?

விழாவுக்கு முந்தின நாள் மாலை, ஐந்தருவிப் பக்கம் பிடித்திருந்த மண்டபத்தைப் பார்க்கப் போனோம். மேடைவரை சாரல் அடித்தது. பந்தல்காரர் நடுவில் இரண்டு நாற்காலி போட்டார். "ஒண்ணு போதும், நான் மைக்லதான நிப்பேன்" என்று சொல்லிவிட்டு, எழுதி வைத்திருந்ததை எடுத்து உமாவுக்கு வாசித்துக் காட்டினேன். கல்விச் செம்மல், அறிவுச் சுடர், அணையா விளக்கு.

"இத மகாராஜா சாருக்கும் பேசுனிய" என்றாள். "அவரு கணக்கு வாத்தியாரு. நான் தமிழு. அம்புட்டுதான் வித்தியாசம்."

தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தேன். வெட்கமாக இருந்தது.

"நேராச் சொல்லு உமா. நாளைக்கு நான் என்ன பேசணும்?"

நாற்காலியில் தெறித்திருந்த சாரலைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"ஒண்ணும் பேச வேண்டாம். ஊர்ல எல்லார் விழாவுக்கும் நீங்க மேல நின்னு பேசுனிய. நான் கீழ தனியா உக்காந்து கைதட்டுனேன். நாளைக்கு எம்பக்கத்துல உக்காருங்க. விழா முடியுத வரைக்கும் எந்திரிக்கப்படாது."