சென்சியும் எதிர்வீட்டு ஹாப்ஸ் கொடியும்

ஒரு புருஷன் வாயிலிருந்து வரும் 'ஆகா'வுக்கு எங்கள் ஊரில் விலை மூன்று யூரோ. அரை லிட்டர் பீருக்கும் அதே விலைதான். ஆகா அதோடு சேர்த்தி. ஆனால் ஹைனர் அந்த மூன்று யூரோவை எதிர்வீட்டில் கொடுத்தான், ஆகாவையும் அங்கேயே கொட்டிவிட்டு வந்தான். சொந்த வீட்டில் பெண்டாட்டி சென்சி காய்ச்சிய பீரை இனாமாகக் குடித்துவிட்டு "ம்" என்பான். இனாமாகக் கிடைக்கிற சரக்கை யார் மதித்தார்கள் என்று சென்சி தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். தேறவில்லை.

எங்கள் ஊரில் சில வீடுகளுக்கு மட்டும் பீர் காய்ச்சும் உரிமை உண்டு. எல்லாருக்கும் ஒரே பொதுக் கொப்பரை, ஒரே விறகு, ஒரே தண்ணீர். காய்ச்சியதை அவரவர் நிலவறைக்குக் கொண்டுபோய்ப் புளிக்கவைத்து, பதம் வந்ததும் வாசலில் கம்பு கட்டி ஆறுமுனை நட்சத்திரத்தைத் தொங்கவிட்டால், அந்த வாரம் அந்த வீட்டுக் கூடத்தில்தான் ஊர் குடிக்கும். அடுத்த வாரம் அடுத்த வீடு. சென்சியின் நட்சத்திரம் தொங்கும்போதும் ஆட்கள் வந்தார்கள். கசாப்புக்கடை வென்ஸலும் அவன் மேஜைக்காரர்களும் மட்டும் வரவில்லை. அந்த மேஜை என்ன சொல்கிறதோ அதுதான் ஊருக்கு ருசி. ஏழு வருஷமாக அந்த மேஜை எதிர்வீட்டு எகித்தின் கூடத்தில் கிடந்தது. அவன் நட்சத்திரம் ஏறும் சனிக்கிழமையெல்லாம் ஹைனரும் அங்கேதான் போய் ஒட்டிக்கொண்டான்.

எகித்திடம் இருந்தது, தன்னிடம் இல்லாதது என்று சென்சி கண்டுபிடித்தது ஒன்றைத்தான்: கொடி.

பீருக்குக் கசப்பும் வாசமும் தருவது ஹாப்ஸ் காய். மற்ற எல்லாரும் அதை வியாபாரியிடம் வெள்ளைப் பையில் வாங்கிக் கொப்பரையில் கொட்டினார்கள். எகித் மட்டும் தன் தெற்குச் சுவரில் ஒரு ஹாப்ஸ் வேரை நட்டு, கூரைவரை கயிறு கட்டிவிட்டிருந்தான். மே மாதம் பிறந்தால் அது கயிற்றைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி ஏறும். காலையில் ஜன்னல் விளிம்பில் இருந்தது சாயங்காலம் பார்த்தால் ஒரு சாண் மேலே இருக்கும். செப்டம்பரில் பச்சைக் காகிதத்தை அடுக்கடுக்காக மடித்தாற்போல் காய்கள் குலைகுலையாகத் தொங்கும். அந்த வாசம் சந்து தாண்டி சென்சியின் படுக்கையறைக்கே வரும், வாடகை கொடுக்காமல்.

அவளும் ஒரு வேர் வாங்கி நட்டாள். அவள் வாசல் வடக்குப் பார்த்தது. கொடி இரண்டு ஆள் உயரம் வந்து, மனசு மாறினாற்போல் நின்றுவிட்டது.

"அது வெயிலுக்கு ஏங்குற ஜாதி. விடு," என்றான் ஹைனர்.

"நீ மட்டும் என்ன ஜாதியாம்? எதிர்வீட்டு நிழலுக்கு ஏங்குற ஜாதியா?"

"குடிக்கப் போறவனைப் போய் நிழல் வெயில்னு..."

"இங்க இருக்கறது குடிக்கறது இல்லையா?"

"இருக்கு, இருக்கு. யார் இல்லன்னா?" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு சந்து தாண்டினான்.

எங்கள் ஊரில் ஜூலை தொடக்கத்தில் ஆண்கொடி வேட்டை நடக்கும். ஹாப்ஸில் பெண்கொடி காய்த்தால்தான் பீருக்கு ஆகும். காட்டு ஆண்கொடி ஒன்று பக்கத்தில் பூத்துத் தூள் பறந்தால் பெண்கொடிக் காயெல்லாம் விதைபிடித்து, வாசம் போய், பீர் முரடாகிவிடும். வீட்டில் கொடி வைத்திருப்பவன் எகித் ஒருத்தன்தான் என்றாலும், காய்ச்சும் வீடு எல்லாம் ஆளுக்கொரு அரிவாளோடு ஆற்றங்கரைப் புதர்களில் நுழைந்து ஆண்கொடியைத் தேடிப் பிடுங்கி, கரையிலேயே கொளுத்துவது வழக்கம். பிறகு எகித் எல்லாருக்கும் தொத்திறைச்சி வாங்கிக் கொடுப்பான்.

அந்த வருஷம் ஆற்று வளைவில் ஒரு ஆண்கொடியைச் சென்சிதான் கண்டாள். பூங்கொத்து அரைகுறையாக வெடித்து, தொட்டால் விரலில் மஞ்சள் ஒட்டியது. பிடுங்கினாள். சுற்றிலும் பார்த்தாள். கொளுத்தவில்லை. பெர்ரி பறிக்கக் கொண்டுவந்த வாளியில் சுருட்டித் திணித்து மேலே துண்டைப் போட்டாள். கரையேறியதும் எகித் கொடுத்த தொத்திறைச்சியையும் வாங்கித் தின்றாள். நல்ல கடுகுச் சட்னியோடு.

மறுநாள் மாடி ஜன்னலில் படுக்கை விரிப்பைக் காயப்போட்டாள். விரிப்புக்குப் பின்னால் கொடியைத் தொங்கவிட்டு, எதிர்ச்சுவரைப் பார்த்துக் காற்று அடிக்கும்போதெல்லாம் ஒரு உலுக்கு உலுக்கினாள். சந்து இரண்டு கட்டில் அகலம்தான். மஞ்சள் தூள் புகையாகப் போய் எகித்தின் கொடிமேல் படிந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். பூ உதிர்ந்ததும் அடுப்பில் போட்டாள். அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஆகஸ்டில் அந்தத் தூக்கம் போனது. விதைபிடித்த காய் உப்பும் என்பதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எகித்தின் சுவரில் காய்கள் கொழுத்துப் புடைத்துத் தொங்கின.

"அடேயப்பா, என்ன கனம்டா!" என்று வென்ஸல் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தான். "எருவு என்ன போட்டே எகித்து?"

"ஒண்ணும் போடலயே."

"ராசிக்காரன்யா நீ!"

நான் போட்டது, என் தூள், என்று ஜன்னலுக்கு உள்ளே சென்சி பல்லைக் கடித்தாள். தான் செய்த சதிக்கும் சேர்த்து அவனுக்கே பாராட்டு போகிறது. இப்படி ஒரு வயிற்றெரிச்சல் உலகத்தில் வேறு யாருக்காவது வந்திருக்குமா?

பொறுத்தாள். பீரில் தெரியும், அப்போது மூஞ்சி சுளிப்பார்கள் என்று பொறுத்தாள். எகித் அந்த வருஷம் பறிப்புக்கு யாரையும் கூப்பிடவில்லை, தனியாகவே பறித்தான். அக்டோபரில் அவன் வாசலில் நட்சத்திரம் ஏறியது. ஹைனர் போனான். அவன் திரும்பி வரும்வரை சென்சி அடுக்களையில் துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்காம்?" என்றாள், எதுவும் தெரியாதவள்போல.

"என்னத்தச் சொல்ல... எல்லா வருஷத்துக்கும் மேல. ஆகா!"

தட்டை வைத்தாள். மறுநாள் சாயங்காலம் கம்பளிச் சட்டையை மாட்டினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நுழையாத அந்தக் கூடத்துக்குள் நுழைந்தாள். மேஜை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஹைனர் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டான். இழுத்த வேகத்தில் அது கீச்சிட்டது.

"வாங்கக்கா!" என்றான் வென்ஸல். "இன்னைக்கு மழைதான் வரப்போகுது."

எகித் ஒரு கிளாஸ் வைத்தான். அவள் குடித்தாள். நன்றாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

"மூக்குக்குக் கிட்ட கொண்டு போங்க," என்று வென்ஸல் வகுப்பெடுத்தான். "வருதா? அதாங்க்கா வீட்டுக்கொடி வாசம். பையில வாங்குற சரக்குக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் வராது. உங்களைக் குத்தம் சொல்லல..."

"வாசமா?" கிளாஸைத் தொப்பென்று வைத்தாள். "நாக்கு செத்துப் போச்சாய்யா உங்களுக்கெல்லாம்? முரட்டுக் கசப்புன்னு ஒருத்தனுக்கும் தெரியல? அவன் காய் ஒண்ணு விடாம விதை! விதை பிடிச்ச காயைப் போட்டுக் காய்ச்சியிருக்கான், நீங்க ஆகாங்கறீங்க!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

எகித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். "நான்தான் தனியாப் பறிச்சேன். பிரிச்சுப் பார்த்ததும் நான் மட்டும்தான். உனக்கு யார் சொன்னா சென்சி?"

ஹைனர் மெல்ல அவள் பக்கம் திரும்பினான். வாளியும் விரிப்பும் அவனுக்குள் ஒவ்வொன்றாக வந்து சேர்வதை அவள் பார்த்தாள்.

"ஜூலையில உன் வெள்ளை விரிப்பு மஞ்சளா இருந்தப்பவே ஒரு சந்தேகம்," என்றான் எகித். "காயைப் பிரிச்சதும் தெளிஞ்சுது. மொத்தத்தையும் உரக்குழியில கொட்டிட்டேன்."

"கொட்டிட்டியா?" வென்ஸல் எழுந்தே விட்டான். "அப்ப இது?"

"வியாபாரி பை. சென்சி வாங்குற அதே பை, அதே கடை."

வென்ஸல் உட்கார்ந்தான். கிளாஸை ஒருமுறை மோந்து பார்த்து, மெதுவாகத் தள்ளி வைத்தான். "அப்ப நான் இவ்வளவு நேரம் மோந்தது?"

"சுவரை மோந்தே. வர்றப்ப வாசல்ல கொடியைப் பார்த்துட்டு வர்றே, இங்க வந்து அதையே குடிக்கறே."

முதலில் சிரித்தது ஹைனர்தான். மேஜை முழுக்கப் பிடித்துக்கொண்டது. சென்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அதே தண்ணீர், அதே கொப்பரை, அதே பை. கொடியால் அல்ல என்றால் எதனால்?

"அப்படின்னா ஏன்யா இங்க வந்து விழறே?" என்று புருஷனிடமே கேட்டாள். எல்லார் முன்னாலும்.

ஹைனர் மீசையைத் துடைத்துக்கொண்டான். "உன் பீர்ல குறையே இல்ல சென்சி. ஆனா கடைசி வாய் உள்ள போறதுக்குள்ள நீ துணியோட வந்து மேஜையைத் துடைக்க ஆரம்பிச்சுடறே. இவன் உட்கார்ந்து கதை கேக்கறான்."

"பெரிய கதை! அஞ்சு பேருக்கும் சேர்த்து ஒரே கதை, அதுவும் போன வருஷத்துது."

"அதைத்தான் கேக்கறான்," என்றான் ஹைனர்.

அவள் கிளாஸை எடுத்து மிச்சத்தைக் குடித்தாள். நிதானமாக. யாரும் துணி எடுத்துக்கொண்டு வரவில்லை. அது இன்னும் எரிந்தது.

கடைசியில் எகித் காதிலிருந்து பென்சிலை எடுத்து, அவள் கிளாஸுக்கு அடியிலிருந்த வட்ட அட்டையை இழுத்தான். குடித்த கணக்கு அதில்தான் ஏறும். குடித்ததற்கு ஒரு கோடு போட்டான். கோட்டுக்குக் கீழே ஒரு கொடி மாதிரி எதையோ கிறுக்கி, "இந்த வருஷக் காய் முழுக்க, உன் பேர்ல," என்றான்.

சென்சி பென்சிலைப் பிடுங்கினாள். அட்டையைத் திருப்பிப் போட்டு ஏழு கோடு கிழித்தாள். "இது உன் பேர்ல. என் வீட்டு ஆளோட சனிக்கிழமை, ஏழு வருஷம்."

ஹைனர் எட்டிப் பார்த்தான். "நான் இதுல வரவா, செலவா?"

"வாயை மூடு. பழுதான சரக்கு," என்றாள். சில்லறையை மேஜைமேல் வைத்தாள்.

அட்டையை எகித் சுவரில் குத்திவைத்தான். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது: பீர் ஒன்று, தீர்ந்தது; காய் ஒரு பருவம், பாக்கி; புருஷன் ஏழு வருஷம், அதுவும் பாக்கி.