எண்ணிக்கை இல்லாத இழுப்பு

அசோகன் சிகரெட்டைத் தொட்டது பதினேழு வயதில். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு ஏற்றி இறக்கும் வேலை. சும்மா நின்றால் மேஸ்திரி திட்டுவார். சிகரெட்டோடு நின்றால் கண்டுகொள்ள மாட்டார். மூச்சு விட ஒரு சாக்காக ஆரம்பித்தது, மாத்தூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஆப்பரேட்டராகச் சேர்ந்தபோது நாளைக்கு இரண்டு பாக்கெட் என்று வளர்ந்திருந்தது. வியாசர்பாடியில் மூன்றாவது மாடியில் வீடு. இரண்டாவது மாடியிலேயே நின்று இருமிவிட்டுத்தான் மேலே ஏறுவான். ஒரு வயதுக் குழந்தை எழில்மொழியை முத்தமிடப் போனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்போதுதான் வெற்றி வந்தான். எண்ணூர்க் குப்பத்துக்காரன், ஐ.டி.ஐ.யில் அசோகனோடு படித்தவன். சரக்குக் கப்பலில் ஃபிட்டர் வேலை. 2016இல் லீவுக்கு வந்தபோது வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றிலிருந்து வேப் எனும் பேட்டரி சிகரெட் ஒன்றை வாங்கி வந்திருந்தான். தடித்த பேனா மாதிரி இருந்தது.

"இத்த இஸ்துப் பாரு மாமு. நெருப்பு கெடையாது, சாம்பல் கெடையாது. நானே சிகரெட்ட உட்டு ஆறு மாசம் ஆவுது" என்றான்.

முதல் இழுப்பில் மாம்பழ வாசனை. ஏதோ சின்னப் பிள்ளைச் சமாச்சாரம் என்று அசோகன் சிரித்தான். ஆனால் பதினோராவது நாள் பாக்கெட்டில் மிச்சமிருந்த நாலு சிகரெட்டைச் சாக்கடையில் போட்டான். ஒரே மாதத்தில் மூன்று மாடியும் நிற்காமல் ஏறினான். குழந்தை முகத்தைத் திருப்பவில்லை. மனைவி யசோதரா அந்தக் கருவிக்கு 'விசிலு' என்று பேர் வைத்து, "அந்த வெற்றி நல்லா இருக்கணும்" என்று வாயார வாழ்த்தினாள்.

முதல் இரண்டு வருடம் விசில் அவன் சொன்னதைக் கேட்டது. பிறகு அவன் அது சொன்னதைக் கேட்க ஆரம்பித்தான். சிகரெட் என்றால் பற்றவைத்தால் முடியும். முடிந்ததும் அணைத்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம். இதற்கு முடிவு கிடையாது. வெற்றி அடுத்த லீவில் கொண்டுவந்தது விரல் நீளத்தில் சின்னதாக இருந்தது. நிக்கோட்டின் மட்டும் முன்னதைவிட மூன்று மடங்கு. அது தலையணைக்கடியில் வந்தது, குளியலறைக்கு வந்தது. கண் விழித்ததும் முதலில் கை போனது அதனிடம்தான்.

2019இல் அரசாங்கம் இ-சிகரெட்டுக்கே தடை போட்டது. வெற்றி கப்பலிலிருந்து போன் செய்தான். "இனிமே என்னாண்ட கேக்காத மாமு. கஸ்டம்ஸ்ல மாட்டுனா என் சோறு பூடும். நீயும் உட்டுடு."

அசோகன் விடவில்லை. கைமாறிக் கைமாறி வருவதைத் திருட்டுத்தனமாக வாங்கினான். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்றவனுக்கும் தெரியாது. சில நாள் நெஞ்சு படபடக்கும், சில நாள் வெறும் ஆவிதான் வரும். மாம்பழமா புதினாவா என்று யாராவது கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. ருசிக்காக இழுத்த காலம் எப்போதோ போய்விட்டது. கை நடுங்காமல் இருக்க இழுத்தான்.

2023 ஆடி மாதம், ஒரு நாள் காலை பதினோரு மணி. கிரேன் கூண்டு அறுபது அடி உயரத்தில் இருக்கும். காலுக்கடியிலும் கண்ணாடி. அன்று ட்ரெய்லர்கள் வரிசைகட்டி நின்றன. விசிலின் நுனி விளக்கு மூன்று முறை மினுக்கிவிட்டு அணைந்தது. வேறொன்று கீழே பையில் இருந்தது. இறங்கிப் போக நேரமில்லை. முக்கால் மணி நேரத்தில் பிடரி வியர்த்தது. செத்துப்போன விசிலையே எடுத்து வெறுமனே இழுத்துப் பார்த்தான்.

கன்டெய்னரை ட்ரெய்லரோடு பிடித்துவைக்க நாலு மூலையிலும் லாக் உண்டு. நாலையும் திறந்த பிறகுதான் தூக்க வேண்டும். கீழே நின்று அதைச் சரிபார்த்துச் சைகை கொடுப்பவன் அருள்பிரகாசம். பத்து வருட தோஸ்து.

"தூக்காத நைனா! பின்னாடி ஒரு லாக்கு அவுறல!" என்று வாக்கி டாக்கியில் அருள் கத்தினான்.

குரல் அசோகன் காதில் விழுந்தது. புத்தியில் ஏறவில்லை. இடது கையில் விசில், வலது கை நெம்புகோலை இழுத்துவிட்டது. கன்டெய்னரோடு ட்ரெய்லரும் சேர்ந்து எழும்பியது. பின் சக்கரங்கள் இடுப்புயரத்தில் தொங்கின. டிரைவர் அன்புமணி கதவைத் திறந்துகொண்டு குதித்தான். கண்ணாடித் தரை வழியாக அசோகன் பார்த்தது ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று ட்ரெய்லருக்கடியிலிருந்து உருண்டு வெளியே வருவதை. அருள் அந்த லாக்கை எட்டிப் பார்க்கக் குனிந்திருந்தான்.

எப்படி நிறுத்தினோம், எப்படி மெதுவாக இறக்கினோம் என்பது அசோகனுக்கு இன்றுவரை நினைவில்லை. அன்புமணிக்கு முழங்கையில் சிராய்ப்பு. அருளுக்கு ஒன்றுமில்லை.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே விசாரணை. பாதுகாப்பு அதிகாரி மகிமா, அசோகனைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். லாக்கைத் திறப்பது டிரைவர் வேலை; தப்பு அவனுடையது என்று சூப்பர்வைசர் ஏற்கனவே முடிவு கட்டியிருந்தார். அன்புமணி ஒப்பந்த டிரைவர். ஒரு கையெழுத்தில் அவன் கேட்டுக்குள் வர முடியாமல் போய்விடும். 'வாக்கி சரியாக் கேக்கல' என்று அசோகன் சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. எதிரே அருள், சட்டையெல்லாம் புழுதியாக, அவனைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

"லாக்க அவுக்காதது டிரைவரு தப்புதான் மேடம். ஆனா தூக்காதன்னு அருள் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் தூக்கிட்டேன்." அசோகன் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து மேசைமேல் வைத்தான். "என் நெனப்பு இதுல இருந்துச்சு."

மகிமா அதைத் தொடாமல் பார்த்தாள். "எத்தனை வருஷமா?"

"ஏழு."

"கூண்டுக்குள்ளயும்?"

"கூண்டுக்குள்ளதான் ஜாஸ்தி."

"நான் எதையும் மறைக்க மாட்டேன்ணா. நடந்ததை நடந்தபடி எழுதுவேன். நீங்களே சொன்னீங்கன்னும் எழுதுவேன்" என்றாள்.

அப்படியே எழுதினாள். அசோகன் மூன்று மாதம் கிரேன் ஏறக் கூடாது. டாக்டர் கடிதம் கொண்டுவந்தால் மறுபடி பரிசீலனை. அன்புமணி எச்சரிக்கையோடு தப்பினான். வேலையே போய்விடும் என்று நினைத்திருந்த அசோகன் வெளியே வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"கொன்னுருப்பியேடா" என்றான் அருள். சட்டையில் இருந்த புழுதியைத் தட்டினான். பிறகு, "சரி, உடு. நாளைக்கி ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன். தனியா உட்டா நீ பாதி வழிலயே திரும்பிடுவ" என்றான்.

புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவும் பிரிவு அரசு ஆஸ்பத்திரியில் ஒரு ஓரத்து அறையில் இருந்தது. அங்கே ஆலோசனை சொல்பவர் அஜீசுன்னிசா. ராயபுரத்துக்காரர், நெற்றியில் ஏற்றிவைத்த கண்ணாடி.

"ஒரு நாளைக்கு எத்தினி தபா இழுப்பீங்க?"

அசோகனுக்குத் தெரியவில்லை. "ஏதோ, அப்பப்ப" என்றான்.

"நாளைக்கி ஒரு நாள் இழுப்புக்கு ஒரு கோடு போட்டுகினு வாங்க. கொறைக்க வாணாம், சும்மா கோடு மட்டும் போடுங்க."

மறுநாள் மதியத்துக்குள் தாளின் ஒரு பக்கம் நிரம்பியது. மறுபக்கம் பாதி வந்ததும் எண்ணிப் பார்த்தான். நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது, இன்னும் பொழுது சாயவில்லை. தாளை அவரிடம் நீட்டியபோது அவனுக்குத் தலை நிமிரவில்லை.

"எதுக்குத் தலைய தொங்கப் போடுறீங்க? இது வந்துதான சிகரெட்ட உட்டீங்க? அந்த மட்டும் நல்லது. அதுக்காக ஆயுசுக்கும் இதுக்கு வேலை செய்யணுமா இன்னா?" என்றார் அஜீசுன்னிசா.

ஏழு வருடத்தில் அந்தக் கருவியைப் பற்றி அவனிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. ஒன்று கொண்டாடினார்கள், இல்லையென்றால் திட்டினார்கள்.

டாக்டர் நிக்கோட்டின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார். மென்று கன்னத்தில் அதக்கிவைக்க வேண்டும். விசில் முதலில் படுக்கையை விட்டுப் போனது, பிறகு குளியலறையை விட்டு, பிறகு வீட்டை விட்டே. முதல் வாரம் அசோகன் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தான். எழில்மொழி பென்சிலைக் கீழே போட்டதற்குக் கத்தினான். எட்டு வயதுக்காரி அழவில்லை. "பசிக்குதாப்பா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்த் தன் பங்கு முறுக்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். யசோதரா அந்த மூன்று மாதமும் ஒரு சொல் சொல்லிக் காட்டவில்லை. அவனோடு சாயங்காலம் நடந்தாள். கால் வலித்தாலும் நடந்தாள்.

இரண்டு முறை சறுக்கினான். இரண்டு முறையும் மறுநாளே அஜீசுன்னிசாவிடம் போய்ச் சொன்னான். "சொல்ல வந்தீங்கல்ல, அது போதும்" என்று அட்டையில் குறித்துக்கொண்டார். நாலாவது மாதம் டாக்டர் கடிதத்தை மகிமா இரண்டு முறை படித்தாள். கூண்டில் ஏறும் முன் தினமும் தன்னைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். கீழே சைகை கொடுக்க யார் நிற்பது என்று பேச்சு வந்தபோது அருள் தானாகவே முன்னால் வந்தான். "நானே நிக்கிறேன். என்னிய உட்டா அவன் யாரு பேச்சயும் கேக்க மாட்டான்."

சூயிங்கம் பத்திலிருந்து நாலாகி, இரண்டாகிக் குறைந்தது. ஒருநாள் வேலைக்குப் போகும் பஸ் மணலியைத் தாண்டும்போதுதான், நேற்று முழுக்க ஒன்றுகூடப் போடவில்லை என்று அசோகனுக்கு உறைத்தது. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லலாம் போலிருந்தது. முன்பின் தெரியாதவர். ஆனாலும் சொன்னான். அவர் ஒன்றும் புரியாமல், "நல்லது சார்" என்றார்.

இந்த வருடம் பொங்கலுக்கு வெற்றி வந்தான். இடையில் இரண்டு லீவுக்கு வந்தும் அசோகனைப் பார்க்காமல் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அசோகனே எண்ணூருக்குப் போனான். படகுகள் ஏற்றி நிறுத்தியிருந்த மணலில் இருவரும் குந்தினார்கள். வெற்றி கடலைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"யார்டுல நடந்தத கேள்விப்பட்டேன் மாமு. அந்தக் கருமத்த ஒன் கைல குடுத்ததே நான்தான். எந்த மூஞ்ச வெச்சிகினு வூட்டாண்ட வர்றது?"

"அடச்சீ. இதுக்கா ரெண்டு வருசம் டபாய்ச்ச?" அசோகன் அவன் தோளில் கை போட்டான். "நீ குடுக்காங்காட்டி நான் இன்னும் நாளைக்கி ரெண்டு பாக்கெட்டு ஊதிகினு இருப்பேன். இல்ல, போட்டோல மால போட்டுகினு இருப்பேன். நீ குடுத்தது நல்லதுக்குத்தான். அப்பால அத்த கட்டிகினு அழுதது நானு."

வெற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நானும் கொறச்சிட்டேன். மின்ன கப்பல்ல மூச்சுக்கு மூச்சு இழுப்பேன். இப்ப வேலை முடிஞ்சா ரெண்டு இழுப்பு, அத்தோட சரி. அந்த ரெண்டத்தான் உட முடியல."

"எப்ப உட முடியுமோ அப்ப உடு. ஒனக்குன்னா நான் ஆஸ்பத்திரிக்கு வரேன்."

வெற்றி சிரித்தான். பிறகு அவனாகவே, "இந்த லீவுலயே போலாமா?" என்று கேட்டான்.

"செவ்வாக்கெழம எனக்கு ஆஃபு. காலைல ஒம்போது மணிக்கெல்லாம் வூட்டாண்ட வந்துடு. யசோதரா நாஸ்தா பண்ணி வெச்சிருப்பா. ஒன்ன ரொம்ப நாளா கேட்டுகினு கீறா" என்றான் அசோகன்.