மெதுவாக எறிய வராதவன்

கோச் ஹாஸ்கின்ஸ் பெஞ்சிலிருந்து நான்கு விரல்களைக் காட்டியபோது நான் எங்கள் பேஸ்பால் அணிக்குப் பந்தெறியும் பிட்சர் வெண்டலைத்தான் பார்த்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் முன்னால். இரண்டாம், மூன்றாம் பேஸ்களில், ஓடிவந்து ரன் எடுக்கக் காத்திருக்கும் எதிரணி ஆட்கள். முடித்துக்கொடுப்பதற்காக அப்போதுதான் வெண்டலை இறக்கியிருந்தார்கள். பேட்டுடன் நின்ற கொர்டேரோ அன்று எங்களை அடித்து நொறுக்கியவன். எட்டாதபடி நான்கு பந்துகளை மெதுவாக வெளியே எறிந்து, அவனைச் சும்மாவே முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டால், அடுத்து வரும் சோப்ளாங்கியோடு மோதலாம். எளிய கணக்கு.

ஆனால் வெண்டலுக்கு மெதுவாக எறிய வராது. முழு வேகத்தில் நினைத்த இடத்தில் பந்தை வைப்பான். பக்கத்தில் நிற்பவனுக்கு ஓர் ஆரஞ்சைத் தூக்கிப் போடச் சொன்னால் கை மரத்துவிடும். வேகத்தில் கை தானாகப் போகிறது; மெதுவாக எறியும்போது மனம் நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறதோ? பஸ் பயணங்களில் அவனருகே பேசாமல் உட்கார்ந்து இதையே யோசித்திருக்கிறேன். அவன் எறிவதைப் பிடிக்கும் கேட்சரான எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம். இன்று சொதப்பினால் அணியில் இடமில்லை என்று கோச் காலையில்தான் சொல்லியிருந்தார்.

எழுந்து நின்று பக்கவாட்டில் கையை நீட்டினேன். முதல் பந்து தலைக்கு மேலே போனது. எகிறி கிளவுஸ் நுனியில் பிடித்தேன். பந்து தவறும் என்று நம்பி மூன்றாம் பேஸ்காரன் பாதி ஓடிவந்து திரும்பினான்.

வெண்டலிடம் நடந்தேன்.

“கோச்சுகிட்ட சொல்லிடட்டுமா?”

“சொல்லு. அப்படியே என் பெட்டியையும் கட்டிடு.”



“அப்ப வெளியவே எறி, மச்சான். ஆனா முழு வேகத்துல.”

“நீ எட்டிப் பிடிக்கணும். உன் விரல் போயிடும்டா.”

“என் விரல்தானே. நீ ஏன் அழுவுற?”

அடுத்த பந்து சீறிக்கொண்டு வந்தது. கொர்டேரோ பேட்டைத் தோளில் சாய்த்து, “ஏம்ப்பா, என்னைச் சும்மா அனுப்புறதுக்கா இவ்ளோ கோவம்?” என்றான். கூட்டம் ஊளையிட்டது. “மெதுவாடா, லூசு!” என்று கோச் கத்தினார். மூன்றாவது. நான்காவது. உள்ளங்கை எரிந்தது. ஆனால் ஒவ்வொன்றும் நான் நீட்டிய இடத்துக்கே வந்தது.

கொர்டேரோ நிதானமாக முதல் பேஸுக்கு நடந்தான். மூன்று பேஸும் நிரம்பிவிட்டன. இனி ஒரு நல்ல அடி விழுந்தால் போதும். ஆட்டமும் போகும், வெண்டலும் போவான். மைதானம் முழுக்க எழுந்து நின்றது. கோச் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். பந்தைத் திருப்பி எறிந்துவிட்டு, அவனுடைய வழக்கமான வேகப் பந்துக்காகக் குந்தினேன்.

வெண்டல் கழுத்தைச் சொடுக்கினான். தோள்கள் இறங்கின. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறவனைப்போல, காலால் மண்ணை மெல்லத் தேய்த்துக்கொண்டு, அடுத்த பேட்டரைப் பார்த்துப் புன்னகைத்தான்.