முதல் பழத்துக்கு ஓர் ஆண்

கற்பூரம் எரிந்து அணைந்துவிட்டது. ஆனாலும் காப்பிச் செடியில் யாரும் கை வைக்கவில்லை.

"மொதப் பழத்த ஊட்டு ஆம்பளதான் பறிக்கோணும். இந்த ஊட்டுல இப்ப ஆம்பள ஏது? எம்பையன் ஜெயபிரகாசக் கட்டிக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லு கண்ணு, இப்பவே அவன உட்டுப் பறிச்சுப்புடலாம்" என்றார் சித்தன். செத்துப்போன ஆறுமுகத்தின் தங்கை புருஷன் அவர்.

ஆறுமுகத்தின் ஒரே மகள் மலர் செடிகளைப் பார்த்தாள். பழம் கனிந்து மண்ணில் உதிர்கிறது. மேகம் வேறு கட்டியிருக்கிறது. ஒரு மழை அடித்தால் வருஷத்து விளைச்சல் அழுகிப்போகும். கிளியூரிலிருந்து வந்த கூலிப் பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். காப்பிக் காடு முழுக்கப் பறிப்பது பெண்கள். முதல் பழத்துக்கு மட்டும் மீசை வேண்டுமாம்!

பழைய பிரெஞ்சு தேசத்தில் வாரிசுச் சீமாட்டியைக் கட்டியவனுக்கே அவளுடைய கோட்டையும் நிலமும் போய்ச் சேரும் என்று ஏற்காட்டுப் பள்ளியில் சரித்திரப் பாடம் நடத்துகிறவள் மலர். இந்தத் தலைச்சோலை ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது?

"எனக்கு இஷ்டமில்லீங்க மாமா."

"அப்ப உதிர்ந்தே போகட்டும். மீறிப் பறிச்சா மலைச்சாமி சும்மா உடாது" என்று சித்தன் கூலிப் பெண்களை முறைத்தார். அவர்கள் பின்வாங்கினார்கள். மலருக்கு, சரி என்று சொல்லித் தொலைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

தாலி இழந்தவள் பூஜைக்கு ஆகாது என்று கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தப்பட்டிருந்த அவள் தாய் ராசாத்தி அப்போது முன்னால் வந்தாள்.

"இது எங்கப்பன் காடுங்கண்ணா. காடு கை மாறிப் போயிரக்கூடாதுன்னு என்னையும் இப்புடித்தான் புடிச்சுக் கட்டிக் குடுத்தாங்க. உனக்கு இஷ்டமான்னு ஒருத்தரும் கேக்கலீங்க."

சொல்லிக்கொண்டே கிளையை வளைத்து ஒரு பிடி பழத்தை உருவினாள்.

சித்தன் பதறிப்போனார். "தாலியறுத்த கைய வெச்சுப்புட்டியே! இனி இந்தக் காடு வெளங்குமா?"

"வெளங்காத காடு உங்க பையனுக்கு எதுக்குங்கண்ணா?"

கிளியூர்க்காரி பாப்பாத்தி சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு செடிகளுக்குள் இறங்கினாள். அவளும் தாலியறுத்தவள்தான். பத்து வருஷமாக இந்தக் காட்டில்தான் பறிக்கிறாள்.