இரண்டாவது தாவல்

லோவ்ரோ கயிற்றில் கை வைத்துவிட்டார். இரவு உடுப்பின்மேல் தம்பி காஷ்பரின் பழைய குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் ஓடிவந்த ஊர்ஷா, மணிக்கூண்டுக் கதவைத் தள்ளித் திறந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அடிக்காதீங்க மாமா."

லோவ்ரோவின் முகம் மலர்ந்தது. நர்ஸ் போகிற வழியில் தப்பாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள், பாவ்லாவுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார். ஊர்ஷாவுக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

"அம்மா போயிட்டாங்க. ஏழு நாப்பதுக்கு. ஆனா மணி வேணாம். காஷ்பர் ரெண்டாவது தாவலையும் முடிச்சுட்டு வரட்டும்."

ராடெச்சே கிராமத்தில் யார் செத்தாலும் சின்ன மணி அடிக்கும். பெண் என்றால் நடுவில் இரண்டு முறை நிறுத்துவார்கள், ஆண் என்றால் மூன்று முறை. ஊரே எண்ணிக்கொண்டு வாசலுக்கு வந்து யார் என்று கேட்கும். கோயில் வேலைக்கு வந்த முப்பத்தெட்டு வருடத்தில் லோவ்ரோ ஒரு சாவுக்கும் மணியைத் தள்ளிப்போட்டதில்லை. மணி கேட்காமல் ஆத்மா வீட்டு வாசலைத் தாண்டாது என்று வாதாடிப் பார்த்தார். இது அம்மாவே போட்ட உத்தரவு என்று ஊர்ஷா சொன்னபிறகுதான் கயிற்றை விட்டார். பாவ்லா உயிரோடு இருந்தபோதே அவளை எதிர்த்துப் பேசி ஜெயித்தவர்கள் ஊரில் கிடையாது.

மணி அடித்தாலும், காஷ்பர் பனிச்சறுக்குத் தாவல் போட்டியில் இருக்கிற பிளானிட்சாவில் கேட்கப்போவதில்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி, முப்பதாயிரம் பேரும் ஊதுகுழல்களும் இருக்கிற இடம். ஆனால் ஊரில் பாதிப்பேர் அங்கேதான் வேலையாக இருந்தார்கள். நுழைவாயிலில் நான்கு பேர், தேநீர்க் கடையில் இரண்டு பேர், சரிவில் சறுக்குப் பலகைகளோடு ஏறி இறங்கிப் பனியை மிதித்துக் கெட்டியாக்குகிற விங்கோவின் ஆட்கள் இருபது பேர். ஒருவன் வாய்தவறினால் போதும், காஷ்பருக்குத் தெரிந்துவிடும். நானே போய் எல்லாரிடமும் சொல்லிவைக்கிறேன் என்று லோவ்ரோ கிளம்பினார். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அன்று ஊர் தன் வாயை இறுக மூடிக்கொண்டது. வினையே அதில்தான் வந்தது.

ஊர்ஷா வீட்டுக்குத் திரும்பி வெந்நீர் வைத்தாள். அம்மாவின் அறை ஜன்னல் திறந்தபடியே இருந்தது. மெழுகுவர்த்தி காற்றில் அணைந்துவிட, அதைக் கட்டிலின் அந்தப் பக்கம் மாற்றிவைத்து மறுபடி ஏற்றினாள். டாக்டர் வந்து எழுதிக்கொடுக்க வேண்டும். சவ வண்டி வர வேண்டும். இரண்டுக்கும் போன் செய்தபோது, பள்ளத்தாக்குச் சாலையைப் பேருந்துகளுக்காக மூடியிருக்கிறார்கள், போட்டி முடியாமல் எதுவும் உள்ளே வர முடியாது என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் சாலை அவளுக்கு உதவியது.

அம்மாவைத் துடைக்கும்போது கை எலும்பில் தட்டியது. டிசம்பரில், காஷ்பர் சுவிட்சர்லாந்தில் தாவிக்கொண்டிருந்த வாரத்தில்தான் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. அன்றைக்கே பாவ்லா மகளிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவன் காதுக்குப் போகக் கூடாது. போட்டிப் பருவம் முடியட்டும். அவனுக்கு வயது இருபத்தொன்பது. பதினான்கு வருடமாகத் தாவுகிறான், ஒரு வருடம்கூடக் கடைசி ஞாயிறு தாவியதில்லை. பிளானிட்சாவின் கடைசிப் போட்டியில், பருவம் முழுக்க எடுத்த புள்ளிகளில் முதல் முப்பது பேர்தான் தாவலாம். வருடாவருடம் சொந்த ஊர்ச் சரிவில் மற்றவர்கள் தாவுவதை வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற பிள்ளை அவன்.

இந்த வருடம் ஏனோ நன்றாகத் தாவினான். நார்வேயில் பதினேழாம் இடம், புத்தாண்டு அன்று ஜெர்மனியில் இருபத்தொன்று, போலந்தில் காற்று கவிழ்த்து நாற்பத்தாறு, ஜப்பானில் பன்னிரண்டு. ஒவ்வொரு ஞாயிறும் போன் வரும். பாவ்லா தலையணையை முதுகுக்கு அண்டைகொடுத்துக்கொண்டு, குரலைக் கனைத்துச் சரிசெய்துகொண்டு பேசுவாள். "வயித்துப் புண்ணுடா, மாத்திரை சாப்பிடறேன். அதை விடு, நீ ஏன் முனையை விட்டுக் கிளம்பினதும் நெஞ்சைத் தூக்குறே?" போனை வைத்ததும் வாந்தி எடுப்பாள். ஊர்ஷா சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சத்தியத்தின்மேல் அவளுக்கு எரிச்சலாக வரும்.

போன திங்களன்று ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்தான். பாவ்லா கன்னத்தில் சிவப்புப் பூசி, இரண்டு கம்பளிச் சட்டை போட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் கோதுமைக் களியும் புளித்த பாலும் இருந்தன. எடை ஏறக் கூடாது என்று அவன் மூன்று கரண்டியோடு நிறுத்தினான். அவளுக்கோ ஒரு கரண்டிகூட இறங்கவில்லை. வேறு எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அம்மாவைப் பார்த்ததும் கதறியிருப்பான். தாவுகிறவர்களின் நடுவில் வளர்ந்தவனுக்கு மெலிந்த உடம்பு நல்ல உடம்பாகவே தெரிந்தது. அவள் மணிக்கட்டை இரண்டு விரலால் வளைத்துப் பிடித்துச் சிரித்தான்.

"இந்த ஒல்லியில நீ தாவினா என்னைவிட இருபது மீட்டர் கூடப் போவேம்மா."

"பலகையைக் குடுத்துட்டுப் போ. போறேன்" என்றாள் பாவ்லா.

வெள்ளிக்கிழமைப் போட்டியோடு அவன் பருவப் புள்ளிகளில் இருபத்தொன்பதாம் இடத்துக்கு வந்துவிட்டான். சனிக்கிழமை குழுப் போட்டி. அதில் அவனைச் சேர்க்கவில்லை. நாள் முழுக்க ஏழு கிலோமீட்டர் தூரத்தில் விடுதியில் சும்மா இருந்தான். அன்றைக்கு மத்தியானம் பாவ்லாவுக்கு நல்ல தெளிவு இருந்தது. காஷ்பர் என்ன செய்கிறான் என்று கேட்டாள். சும்மாதான் இருக்கிறான், கூப்பிடட்டுமா என்று கெஞ்சினாள் ஊர்ஷா. அந்தச் சரிவில் பறக்கிறவனுக்கு மனசில் ஒரு மூலையில்கூட வேறு நினைப்பு இருக்கக் கூடாது என்றாள் பாவ்லா. அவள் சொன்னதும் பொய்யில்லை. மணிக்கு நூறு கிலோமீட்டரில் சரிவின் முனையைவிட்டுப் பறக்கிறவன் தடுமாறினால் எலும்பு மிஞ்சாது. போனைக் கையில் எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து வைத்தாள் ஊர்ஷா. அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

பத்து மணிக்கு டி.வி.யைச் சத்தமில்லாமல் போட்டாள். அம்மாவுக்கு நீல உடையை உடுத்தி, தலையை வாரி முடித்திருந்தாள். கதவைத் திறந்துவைத்தால் கட்டிலும் தெரியும், திரையும் தெரியும். காஷ்பர் சரிவின் உச்சியில் இருக்கிற கட்டையில் வந்து உட்கார்ந்தான். கீழே மேடையில் பயிற்சியாளர் கிளம்பச் சொல்லிக் கொடியை இறக்கினார். ஊர்ஷா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவன் இறங்கி நின்றுகொண்டிருந்தான். இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். சுற்று முடிந்தபோது இருபத்திரண்டாம் இடம்.

"ஒண்ணு ஆச்சும்மா" என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னாள்.

இரண்டாம் சுற்றில் அவன் ஒன்பதாவது ஆள். கட்டையில் உட்கார்ந்தவன் பனிக்கண்ணாடியை இறக்கவில்லை. கேமரா அருகே போனது. அவன் முகத்தை ஊர்ஷா பார்த்தாள், என்னவோபோல் இருந்தது, குளிராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். விளக்கு பச்சையானது. பயிற்சியாளர் கொடியை இறக்கினார். அவன் உடனே கிளம்பவில்லை. பிறகு கண்ணாடியை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினான்.

இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. காஷ்பர் நெஞ்சைத் தூக்கவே இல்லை. பலகைகளின் நடுவே படுத்தபடி போனான், போய்க்கொண்டே இருந்தான், கீழே முதலிடத்துக்கான பச்சைக் கோடு அவனுக்குப் பின்னால் போய்விட்டது. இருநூற்று முப்பத்தாறு. அவன் வாழ்நாளில் தொட்டிராத தூரம். கூட்டம் துள்ளுவது திரையில் தெரிந்தது. ஊர்ஷா எழுந்து நின்று அழுதாள். சந்தோஷமும் அதில் இருந்தது, அதற்காக அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது.

பலகைகளைக் கழற்றியவன் கையை உயர்த்தவில்லை. கேமராவைப் பார்க்கவும் இல்லை. நேராக நடந்து திரையைவிட்டு வெளியே போனான். நான்கு நிமிடம் கழித்து, பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே இருந்த தூரம் அழிந்து, தகுதி நீக்கம் என்று வந்தது. தாவி முடித்தவனின் உடுப்பை அளந்து பார்க்கக் கூப்பிடுவார்கள். கால் தையலில் ஒரு விரல் அகலம் கூடிப்போனாலும், அளக்க வராமலே போனாலும் தாவல் கிடையாது. பாவிகள், இன்றைக்குமா அளக்க வேண்டும் என்று ஊர்ஷா திரையைத் திட்டினாள்.

அப்போதுதான் காட்டுப் பாதைப் பக்கம் பனி ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. விங்கோ ஓட்டிவந்தார். பின்னால் காஷ்பர், போட்டி உடுப்போடு, நெஞ்சில் எண்ணோடு, காலில் தாவும் பூட்ஸோடு. இறங்கி உள்ளே வந்தான்.

"எத்தனை மணிக்கு?" என்றான்.

சொன்னாள். அவன் தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போனான். அந்தப் பூட்ஸ் ஆளை முன்பக்கமாகவே சாய்த்து வைக்கும். நேராக நிற்கவும் விடாது, மண்டியிடவும் விடாது. கட்டில் பக்கத்தில் சற்று நேரம் அப்படியே சாய்ந்து நின்றான். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, திங்களன்று பிடித்த அதே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

விங்கோ தொப்பியைக் கழற்றி வாசலிலேயே நின்றார். யாரும் மூச்சுவிடவில்லை என்று ஊர்ஷாவிடம் மெதுவாகச் சொன்னார். தன் ஆட்கள் அத்தனை பேரையும் மிரட்டி வைத்திருந்ததாகவும், எப்படித் தெரிந்தது என்றே தெரியவில்லை என்றும் சொன்னார்.

காஷ்பர் உள்ளேயிருந்தே பேசினான்.

"பதினாலு வருஷமா நான் அந்த வேலியைத் தாண்டிப் போறப்ப, 'வந்துட்டான்டா மாவு மூட்டை'ன்னு கத்துவீங்க. ஏழு வயசுல உருண்டு விழுந்ததுக்கு இன்னிக்கு வரைக்கும் திட்டுவீங்க. இன்னிக்கு மொதத் தாவல் முடிஞ்சு வரேன், நீங்க 'நல்லாத் தாவினே தம்பி'ன்னீங்க. பக்கத்துல ஒருத்தன் தொப்பியைக் கழட்டினான். மேல போய் உட்கார்ந்தப்பதான் புரிஞ்சுது. எங்க வீட்டுல சாவு விழாம நீங்க இப்படிப் பேசுவீங்களா?"

பெரிய உடம்புக்காரர் விங்கோ சுவரில் கை ஊன்றிக்கொண்டார். லோவ்ரோவிடம் போய் மணியடிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் வேண்டாம் என்றான் காஷ்பர். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். வாசலில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

அறையில் அம்மாவோடு மூவரும் இருந்தார்கள். டி.வி.யில் யாரோ பெரிய கண்ணாடிக் கோப்பையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். ஊர்ஷா போய் அதை அணைத்தாள்.

"நேத்து நாள் பூரா ரூம்ல சீட்டாடிட்டு இருந்தேன்க்கா" என்றான்.

அந்த வார்த்தைக்குத்தான் அவள் மூன்று மாதமாகப் பயந்துகொண்டிருந்தாள். அதை அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"நான் போனை எடுத்தேன்டா. ரெண்டு தடவை எடுத்தேன்."

மன்னித்தானா இல்லையா என்று அவன் முகத்தில் தேடினாள், ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திங்களன்று தாவச் சொல்லிக் கேலி செய்தது அம்மாவுக்கு வலித்திருக்குமா என்று கேட்டான். நர்ஸிடம்கூட அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் என்று ஊர்ஷா சொன்னாள். அது நிஜம். நிஜமாக இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கட்டையில் கண்ணாடியை இறக்காமல் உட்கார்ந்திருந்த முகம் ஞாபகம் வந்தது. எந்த நினைப்பு அவனுக்கு வரக் கூடாதென்று வாயைக் கட்டிக்கொண்டு இவ்வளவும் செய்தாளோ, கடைசியில் அதே நினைப்போடு அவன் தன்னந்தனியாக உச்சியில் உட்கார்ந்திருக்கிறான்.

"தெரிஞ்சும் ஏன்டா தாவினே?" குரல் உடைந்தது. "செத்திருப்பேடா. இறங்கி வந்திருக்கலாம்ல? மேலயிருந்து படி இருக்குல்ல?"

காஷ்பர் முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"படியில இறங்கி அந்தக் கூட்டத்துக்குள்ள பூந்து வர ஒரு மணி நேரம் ஆகும்க்கா. தாவினா எட்டு செகண்ட்."

ஊர்ஷா தரையில் உட்கார்ந்து அவன் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். பூட்ஸின் கயிறு பனியில் உறைந்து இறுகியிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தாள், அசையவில்லை. முடிச்சு இளகும்வரை இரண்டு கையாலும் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.